சைடு மிரரைக் கழற்றி மாட்ட ஒரு ட்ரிம் கிட்: வாங்கலாமா?

சைடு மிரரை வீட்டிலேயே கழற்றப் போகிறேன் என்று யாராவது சொன்னால், நான் முதலில் வாங்கச் சொல்வது ஸ்பேனர் செட்டை அல்ல, பிளாஸ்டிக் ட்ரிம் கிட்டை, அதாவது கிளிப்பில் நிற்கும் கார் பிளாஸ்டிக் மூடிகளை (ட்ரிம்) நெம்பி எடுக்கும் கருவிகளின் செட்டை. பெரும்பாலான கார்களில் மிரரைக் கதவோடு பிடித்திருப்பது மூன்றே நட்டு. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் அவற்றைக் கழற்றிவிடலாம். அந்த நட்டுகளை உள்பக்கத்திலிருந்து மூடியிருக்கிறதே, ஜன்னலின் முன் மூலையில் ஒரு முக்கோணப் பிளாஸ்டிக், உண்மையான வேலை அதில்தான் இருக்கிறது. அதைக் கீறாமல், கிளிப் உடையாமல் எடுத்தால் மீதி எல்லாம் தானாக நடக்கும்.

என் தொழில் வீட்டு மின்சாதனங்களைப் பழுது பார்ப்பது. வாஷிங் மெஷின் பேனல், மிக்ஸி அடிப்பாகம், ரிமோட் என்று நாள் முழுக்க கிளிப் போட்ட பிளாஸ்டிக்கைத் திறந்து மூடுகிற கை இது. ஆகவே இந்தக் கிட்டைக் கொஞ்சம் கறாராகவே பார்த்தேன். என் காரில் இரண்டு மிரர் கவர்களிலும் பெயிண்ட் உரிந்துபோயிருந்தது. இடது பக்க மிரர் அடியில், வேகம் கூடினால் விசில் மாதிரி ஒரு சத்தம். இதற்கு முன் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கண்ணாடி மாற்றக் கொடுத்தபோது, முக்கோணத்தை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி, ஓரத்தில் பல் பல்லாகத் தடம் வைத்துக் கொடுத்தார்கள். ஒரு கிளிப்பும் உடைந்திருந்தது. அது கடகடவென்று ஆடுவதைக் கேட்டுக்கொண்டே ஓட்டுவது எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. நாமே செய்யலாம் என்று முடிவெடுத்தேன்.

நான் வாங்கியது ஐந்து துண்டு உள்ள நைலான் கிட். எந்தப் பெயரில் வாங்கினாலும் வடிவங்கள் ஏறக்குறைய இவைதான்: அகலமான தட்டை ஆப்பு ஒன்று, குறுகலான ஆப்பு ஒன்று, நுனியில் ‘வி’ வடிவப் பிளவு உள்ளது ஒன்று, வளைந்த கழுத்து உள்ளது ஒன்று, இரு முனையிலும் கொக்கி உள்ளது ஒன்று. சில பெட்டிகளில் கூடவே உலோகக் கிளிப் பிளையரும், ஒரு பை நிறைய மாற்றுக் கிளிப்புகளும் வரும். என்னுடையதில் கிளிப் பை இருந்தது, பிளையர் இல்லை.

அட்டையில் ‘கீறல் விழாது’ என்று போட்டிருக்கிறது. இதில் பாதிதான் உண்மை. உலோக ஸ்க்ரூ டிரைவர் போல ஆழமாகக் குத்தாது, அது சரி. ஆனால் கார் உள்பக்க ட்ரிம்கள் பல பாலிப்ரொப்பிலீனில் செய்யப்படுகின்றன. நைலான் அதைவிடக் கடினம். கண்ணாடி இழை கலந்த நைலானாக இருந்தால் இன்னும் கடினம். அதைக் கொண்டு மென்மையான ட்ரிம்மின் ஓரத்தில் அழுத்தித் திருகினால் தடம் விழத்தான் செய்யும். ஆகவே நெம்பப் போகும் இடத்தின் இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வெளிப்பக்கப் பெயிண்டுக்கு அருகில் என்றால் இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். டேப் ஒட்ட ஒரு நிமிடம் ஆகாது. கிட் செய்பவர்கள் இதை அட்டையிலேயே அச்சிட்டிருக்கலாம்.

இன்னொரு குறை, வார்ப்பு அச்சு சேரும் கோடு. பிடியின் இரு ஓரத்திலும் அது கூர்மையாக நிற்கிறது. அழுத்திப் பிடித்தால் உள்ளங்கையில் உறுத்தும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தேன், சரியாகிவிட்டது. அகல ஆப்பின் நுனியையும் அப்படியே இரு பக்கமும் சரித்துத் தேய்த்து இன்னும் மெல்லியதாக்கினேன். அதற்கப்புறம் இடைவெளிக்குள் நுழைவது சுலபமாயிற்று. நுனி தேய்ந்தாலும் மழுங்கினாலும் இப்படிச் சீர் செய்துகொள்ள முடிவது இந்த நைலானின் நல்ல குணம். விலை குறைந்த சிலவற்றை வளைத்தால் வளைந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழும். அந்த வெள்ளை, பொருள் உள்ளே கிழியத் தொடங்கியதன் அடையாளம். அடுத்த முறையோ அதற்கடுத்த முறையோ அங்கேதான் முறியும். வாங்கியவுடன் குறுகலான ஆப்பை லேசாக வளைத்துப் பாருங்கள். வெளுக்காமல் பழைய நிலைக்குத் திரும்பினால் நல்ல சரக்கு.

சரி, காருக்கு வருவோம். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள். இன்றைய கார்க் கதவுகளில் என்னென்னவோ இருக்கிறது. சில மாடல்களில் பக்கவாட்டு மோதலை உணரும் அழுத்த சென்சார் கதவுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். சுவிட்ச் ஆனில் இருக்கும்போது கனெக்டரைப் பிடுங்கினால் ஏர்பேக் விளக்கு எரிந்து நிற்கும், அப்புறம் அதை அணைக்க, காரின் கோளாறுப் பதிவைப் படித்து அழிக்கும் ஸ்கேனர் கருவியைத் தேட வேண்டியிருக்கும்.

முக்கோணத்தின் ஓரத்தில் முதலில் எந்த ஆப்பும் நுழையாது. இடைவெளி அவ்வளவு குறைவு. அங்கே நான் பயன்படுத்துவது காலாவதியான வங்கி அட்டை. அதை நுழைத்து ஓரத்தை ஒரு நூல் அளவு தூக்கி, அந்தத் திறப்பில் அகல ஆப்பை வைத்தேன். அகலமாக இருப்பதால் அழுத்தம் ஒரே புள்ளியில் விழாமல் பரவுகிறது. இந்தக் கிட்டில் காசுக்குத் தகுந்தது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இந்த ஆப்பைத்தான் சொல்வேன். திருக வேண்டாம். நுழைத்து, ஓரமாக நகர்த்திக்கொண்டே போங்கள். ஒரு இடத்தில் நகராமல் முட்டும். அதுதான் கிளிப். கிளிப்பை ஒட்டி வைத்து நெம்பினால் ‘டக்’ என்று கழன்று வரும். இரண்டு கிளிப்புக்கு நடுவில் வைத்து நெம்பினால் பிளாஸ்டிக் வில்லாக வளையும், கிளிப்பின் கழுத்து உடையும். அந்த ஒர்க்‌ஷாப்பில் நடந்தது இதுதான் என்று தடங்களைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. எல்லாத் தடமும் கிளிப் இல்லாத நடுப்பகுதியில் இருந்தது.

பல கார்களில் முக்கோணத்தின் மேல் பகுதிதான் கிளிப்பில் நிற்கும். அடியில் ஒரு நாக்கு, கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் பெரிய பலகையான டோர் பேடுக்குள் செருகியிருக்கும். மேலே கழன்றதும் நம் பக்கம் இழுத்துவிடாமல், மேல் நோக்கித் தூக்கி எடுக்க வேண்டும். சில மாடல்களில் அதன் பின்னால் சிறு ட்வீட்டர் ஸ்பீக்கர் இருக்கும், அதற்கு ஒயர் இருக்கும். கழன்ற உற்சாகத்தில் இழுத்தால் ஒயரோடு வரும். குளிர்ந்த நேரத்தில் பிளாஸ்டிக் விறைத்து, சட்டென்று உடையும். தலைமுடி உலர்த்தும் டிரையரைத் தூரத்தில் பிடித்துக் கொஞ்சம் சூடு காட்டினால் இளகிக் கொடுக்கும்.

உள்ளே கனெக்டர். இதற்குக் கிட்டில் உள்ள குறுகலான ஆப்பு நன்றாக உதவுகிறது. லாக் நாக்கை அதன் நுனியால் அழுத்திக்கொண்டு, கனெக்டரின் உடலைப் பிடித்து இழுக்க வேண்டும், ஒயரைப் பிடித்து அல்ல. என் காரில் கனெக்டர் முக்கோணத்தின் பின்னாலேயே இருந்தது. சில கார்களில் ஒயர் கீழே ஓடி, டோர் பேடுக்குப் பின்னால்தான் கனெக்டர் இருக்கும். அப்போது டோர் பேடையே கழற்ற வேண்டும். அங்கே ‘வி’ பிளவு உள்ள துண்டு கைகொடுக்கும். கிளிப்பின் தண்டை இருபக்கமும் கவ்விக்கொண்டு நேராக வெளியே இழுக்கும். பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் உறையைக் கிழிக்காதீர்கள். அது மழைநீர் உள்ளே வராமல் தடுப்பது மட்டுமல்ல, நான் மேலே சொன்ன அழுத்த சென்சார் சரியாக வேலை செய்வதற்கும் அந்த உறை மூடியிருக்க வேண்டும். கருப்பாகப் பிசுபிசுக்கும் பசையோடு அதை அப்படியே உரித்து, அப்படியே திரும்ப ஒட்டிவிடலாம்.

நட்டுகளைத் தொடுவதற்கு முன் ஒரு பழைய துணியைக் கதவின் துவாரத்துக்குள் திணியுங்கள். நட்டு விழுந்தால் நேராகக் கதவின் அடிவயிற்றுக்குப் போய்விடும். என் காரில் 10 மி.மீ. சாக்கெட், அதாவது எம்6 நட்டு. சில ஐரோப்பிய கார்களில் நட்சத்திர வடிவ டார்க்ஸ் தலை இருக்கும். நட்டு மாட்டும் மரைத் தண்டு (ஸ்டட்) நீளமாக வெளியே நிற்பதால் சாதாரண சாக்கெட் நட்டைத் தொடாது, ஆழமான சாக்கெட் வேண்டும். இது எந்த ட்ரிம் கிட்டிலும் வராது, தனியாக வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். காந்த நுனி உள்ள குச்சி ஒன்று இருந்தால் நட்டை வெளியே எடுக்க நிம்மதி.

கடைசி நட்டு கழலும்போது வெளியே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மிரர் கையில் எடுத்தால் நினைத்ததைவிடக் கனம். விழுந்தால் கதவுப் பெயிண்டை உரசிக்கொண்டுதான் விழும். மகளை நிறுத்தினேன்.

“விட்டுடாதேம்மா, கடைசி நட்டு வருது.”

“பிடிச்சுட்டுதான் இருக்கேன்பா. ஒயர் மாட்டுது, இழுக்கட்டுமா?”

“இழுக்காதே. நான் உள்ளேருந்து தள்ளுறேன், நீ வழி மட்டும் காட்டு.”

கனெக்டரைத் துவாரத்தின் வழியே சாய்த்துச் சாய்த்து வெளியே அனுப்ப வேண்டும். அவள் பொறுமையாக வாங்கினாள். மிரர் முழுசாக வெளியே வந்தது.

விசிலுக்கான காரணம் உடனே தெரிந்தது. மிரரின் அடிப்பாகத்துக்கும் கதவுத் தகட்டுக்கும் நடுவே, இடைவெளியை அடைக்கும் ஸ்பாஞ்ச் காஸ்கெட் ஒன்று இருக்கும். என்னுடையதில் ஒரு மூலையில் அது நசுங்கி, காகிதம் மாதிரித் தட்டையாகி, முன் பக்கம் ஒரு விரல் நுழையும் நீளத்துக்கு விலகி நின்றது. காற்று அந்த வாய் வழியாகத்தான் ஊதியிருக்கிறது. அதன் கீழே மண் படிந்து பெயிண்டில் ஒரு கோடும் விழுந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்து, பழைய ஸ்பாஞ்சைச் சுரண்டி எடுத்தேன். இந்த இடத்தில் கிட்டின் குறுகலான ஆப்பு மறுபடியும் அருமையாக உதவியது. பெயிண்டுக்குச் சேதமில்லாமல் பசையை வழித்துவிட்டது. புதிய காஸ்கெட் கிடைத்தால் அதையே போடுங்கள். கிடைக்காவிட்டால் மூடிய துளைகள் உள்ள ஃபோம் டேப் வாங்கி, பழைய வடிவத்தை வரைந்து வெட்டலாம். திறந்த துளை ஸ்பாஞ்ச் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அது வேண்டாம்.

கவரைக் கழற்றப் பெரும்பாலான கார்களில் முதலில் கண்ணாடியை எடுத்தாக வேண்டும். இந்த வேலையில் எனக்குப் பயம் இருந்த ஒரே இடம் இது. கையுறை போட்டு, கண்ணுக்கும் கண்ணாடி மாட்டி, மிரரின் மேல் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டினேன். உடைந்தாலும் சில்லுகள் சிதறாது. கண்ணாடியின் மேல் விளிம்பை உள்ளே அழுத்திச் சாய்த்தால் அடி விளிம்பு வெளியே தூக்கும். அந்த இடைவெளியில் வளைந்த கழுத்து உள்ள துண்டை விட்டேன். கண்ணாடியைத் தொடாமல், அதன் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைத்தான் நெம்ப வேண்டும். கழுத்து வளைந்திருப்பதால் கை வெளியே இருந்தபடியே நுனி தட்டின் பின்புறம் போய் நிற்கிறது. நேரான ஆப்பில் அந்தக் கோணம் கிடைக்காது. மெதுவாக அழுத்தத்தைக் கூட்டினால் ஒவ்வொரு கிளிப்பாக விடும். ஒரேயடியாகத் தெறிக்காதபடி மறு கை கண்ணாடி மேல் இருக்க வேண்டும்.

பின்னால் இரண்டு மோட்டார்கள் தெரியும். ஒன்று மேலும் கீழும், மற்றது இடமும் வலமும். சூடேற்றும் வசதி இருந்தால் இரண்டு ஒயர்கள் தகட்டில் செருகியிருக்கும். அது வெறும் மின்தடை என்பதால் அந்த இரண்டையும் எப்படி மாற்றிச் செருகினாலும் பாதகமில்லை. ஆனால் கண்ணாடியில் எச்சரிக்கை விளக்கு எரியும் வசதி உள்ள காரில் அதற்குத் தனி ஒயர் இருக்கும், அங்கே ப்ளஸ் மைனஸ் முக்கியம். கழற்றுமுன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியை மட்டும் மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அளவு பொருந்தினால் போதும் என்று சாதாரணத் தட்டைக் கண்ணாடியை வெட்டி ஒட்டாதீர்கள். குவிந்த கண்ணாடியின் வளைவுக்கு விதி இருக்கிறது. ஐ.நா.வின் ஒழுங்குமுறை எண் 46-இன்படி கார்களின் முதன்மை வெளிக் கண்ணாடிக்கு வளைவு ஆரம் 1200 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஆரம் மாறினால் பின்னால் வரும் வண்டி எவ்வளவு தூரத்தில் தெரிகிறது என்பதும் மாறும். பல வருடம் ஒரே கண்ணாடியைப் பார்த்துப் பழகிய கண் அந்தத் தூரத்தைத் தப்பாகக் கணக்கிடும். அது ஆபத்து.

கவருக்கு நான் புதிதாகப் பெயிண்ட் அடித்தேன். அதை விவரிக்கப் போவதில்லை, ஒன்று மட்டும்: கிளிப் நாக்குகளின் மேல் பெயிண்ட் படாமல் டேப் ஒட்டி மூடுங்கள். அங்கே பெயிண்ட் தடித்தால் கவர் முழுசாக உட்காராது, ஓரத்தில் ஒரு கீற்று தெரியும்.

திரும்ப மாட்டும்போது அவசரப்பட ஒன்றும் இல்லை. ஒயர் காஸ்கெட்டுக்குக் கீழே சிக்காமல் துவாரத்தின் நடுவில் போகிறதா என்று பார்த்துவிட்டு, மூன்று நட்டையும் கையாலேயே பிடிக்கும் வரை திருகுங்கள். அப்புறம் ராட்செட்டால் ஒன்று மாற்றி ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் காஸ்கெட் எல்லாப் பக்கமும் சமமாக அமுங்கும். எம்6 நட்டுக்கு அதிக பலம் தேவையில்லை. சின்ன ராட்செட்டை மணிக்கட்டின் பலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கார் கையேட்டில் அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கண்ணாடியை மாட்டும்போது துணியை மடித்து வைத்து நடுவில் உள்ளங்கையால் அழுத்த வேண்டும். ஓரத்தில் அழுத்தினால் விரிசல் விடும். கிளிப் விழும் சத்தம் வரிசையாகக் கேட்கும். அப்புறம் நான்கு மூலையையும் லேசாக ஆட்டிப் பார்க்க வேண்டும்.

முக்கோணத்தை மூடும் முன் பேட்டரியை மாட்டி எல்லாவற்றையும் இயக்கிப் பாருங்கள்: நான்கு திசை, மடிப்பு, இண்டிகேட்டர், சூடு. மின்சாரத்தில் மடியும் மிரரைக் கையால் மடித்திருந்தால் உள் பற்சக்கரம் இடம் மாறியிருக்கலாம். பட்டனில் சில முறை மடித்து விரித்தால் ‘கடக்’ என்று தன் இடத்துக்கு வந்துவிடும். திணித்த துணியை எடுத்துவிட்டீர்களா என்றும் பாருங்கள்.

முக்கோணத்தில் ஒர்க்‌ஷாப்பில் உடைந்த கிளிப்புக்குப் பதில், கிட்டோடு வந்த பையில் ஒன்று பொருந்தியது. கடகடச் சத்தம் போய்விட்டது. காஸ்கெட் மாற்றியதில் விசிலும் நின்றது.

இப்போது கிட்டைப் பற்றி நேராக. அகல ஆப்பு, குறுகல் ஆப்பு, வளைந்த கழுத்து ஆகிய மூன்றும் இந்த வேலைக்குக் கட்டாயம். ‘வி’ பிளவு டோர் பேட் கழற்றினால்தான் தேவைப்படும். இரட்டைக் கொக்கி ஸ்டீரியோவை வெளியே இழுக்கச் செய்தது. மிரர் வேலையில் அதற்கு எந்த இடமும் இல்லை, அது இல்லாத மூன்று துண்டுக் கிட் கிடைத்தால் தாராளமாக அதையே வாங்கலாம். பத்துப் பதினைந்து துண்டு என்று பெரிய பெட்டியாக விற்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அதில் பாதி ஒரே வடிவத்தின் வெவ்வேறு அளவுகள். அந்தக் காசுக்கு ஆழமான சாக்கெட்டும் காந்தக் குச்சியும் வாங்குங்கள். உலோகத்தில் வரும் கிட்டுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். மெல்லியதாக நுழையும், ஆனால் கை ஒரு முறை வழுக்கினால் பெயிண்ட் போய்விடும்.

வாங்கும்போது மாற்றுக் கிளிப் பை உள்ள கிட்டாகவே பாருங்கள். அல்லது உங்கள் கார் மாடலுக்கான முக்கோணக் கிளிப்புகளை முன்கூட்டியே இரண்டு வாங்கி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பழைய கார்களில் எவ்வளவு கவனமாக எடுத்தாலும், வெயிலில் காய்ந்த கிளிப் ஒன்று உடையத்தான் செய்யும்.